எண்ணெய் ஊறிய தோட்டாக்கள்

மாமா,

நேற்று, தைக்கக் கொடுத்திருந்த ரவிக்கையை வாங்கிவரக் குரோம்பேட்டைக்குப் போயிருந்தேன். தையல் கடைப் பெண் மெஷினைத் திறந்துபோட்டு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். "கொஞ்சம் உக்காருங்கக்கா, முடிஞ்சிடும்" என்றாள். என்னால் உட்கார முடியவில்லை. அந்த எண்ணெய் வாசனை மூக்கில் ஏறிவிட்டது. வெளியே வந்து ஜி.எஸ்.டி. ரோட்டோரமாக நின்று, போகிற பஸ்களை வெறித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் போய் எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. உங்களிடம் பேச வேண்டியதை எல்லாம் பேசாமலேயே வைத்திருக்கிறேன் என்று அங்கே நின்றபோதுதான் உறைத்தது. வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நான் மேற்குத் தாம்பரம் வீட்டுக்கு மருமகளாக வந்தது எண்பதுகளின் நடுவில். வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் காபியை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். நீங்கள் பழைய செய்தித்தாளை விரித்து அதன்முன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தீர்கள். எதிரே ரிவால்வர். பக்கத்தில் பஞ்சு, பழைய பல்துலக்கும் பிரஷ், மூக்கு நீண்ட எண்ணெய் டப்பா.

"பயப்படாதம்மா, லைசென்ஸ் இருக்கு" என்று சிரித்தீர்கள்.

பல்லாவரம் மலையடியில் நீங்கள் ஜல்லி குவாரி நடத்திய காலத்தில் வாங்கியது அது. கூலிப் பணத்தோடு போகும் வழியில் உங்களை அடித்துப்போட்டுப் பையைப் பிடுங்கிக்கொண்டு போனார்களாம். அதற்குப் பிறகு அலையாக அலைந்து லைசென்ஸ் எடுத்து, மவுண்ட் ரோடு கடையில் யாரோ ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி விற்ற சீமை ரிவால்வரை வாங்கினீர்கள். வாங்கிய புதிதில் குவாரிப் பாறையில் சுட்டுப் பார்த்தீர்களாம். அதோடு சரி. தோட்டா கிடைப்பது கஷ்டம் என்று மீதியை அப்படியே வைத்திருந்தீர்கள். ஞாயிறுதோறும் ஒவ்வொரு தோட்டாவாக எடுத்து, எண்ணெய் தடவி, துடைத்து, குழந்தையைத் தூங்க வைப்பதுபோல மறுபடியும் அதனதன் ஓட்டையில் வைப்பீர்கள். ஆயுத பூஜையன்று கடப்பாறைக்கும் சம்மட்டிக்கும் நடுவில் அதற்கும் சந்தனப் பொட்டு உண்டு.

உங்கள் மகன் கிண்டல் செய்வார். "அப்பா, இது சுடுமா, இல்ல மினுக்கறதோட சரியா?"

"இது வாயைத் தொறந்து பேச வேண்டாம்டா. வீட்ல இருக்குன்னு தெரிஞ்சாலே போதும், ஒருத்தன் உள்ள வரமாட்டான்."

நீங்கள் அதை நம்பினீர்கள். நானும் நம்பினேன். இரவு கதவைத் தாழ் போடாமல் படுக்கிற அளவுக்கு அந்த வீட்டில் எல்லோரும் நம்பினோம்.

குவாரியை மூடிய பிறகு ஊரப்பாக்கத்தில் ரோட்டை ஒட்டி மனை வாங்கினீர்கள். அங்கே ஒரு வீடும் முன்பக்கம் கடைகளும் கட்டுவதாகத் திட்டம். வரதன் அந்தப் பக்கத்து நிலத் தரகன். ரோட்டோர மனைகளை மிரட்டி வாங்கி, பெரிய ஆட்களுக்கு விற்பது அவன் தொழில். உங்கள் மனையும் அவனுக்கு வேண்டியிருந்தது. ஒருநாள் வீட்டுக்கே வந்து நாற்காலியில் காலை அகட்டி உட்கார்ந்தான்.

"இன்னா பெருசு, நல்ல வெலைக்குத் தரேன்றேன், அப்பால இன்னா? புள்ள குட்டியோட கீற, எதுக்கு உனுக்கு பேஜாரு?"

நீங்கள் உள்ளே போய் ரிவால்வரைக் கொண்டுவந்து அவன் குடித்து முடித்த காபி டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தீர்கள். அவன் அதைப் பார்த்தான். என்னைப் பார்த்தான், என் இடுப்பில் இருந்த மகளைப் பார்த்தான். "பாத்துக்கலாம்" என்று எழுந்து போனான்.

அன்று சாப்பிடும்போது உங்கள் மகன் கெஞ்சினார். "மனையை வித்துடலாம்ப்பா. இல்லன்னா போலீஸ்ல ஒரு கம்ப்ளைன்ட் குடுத்துடலாம். அவன் சாதாரண ஆள் இல்ல."

"அவன் போன வேகத்தப் பாத்தல்ல? இது இருக்கறப்ப போலீஸ் எதுக்குடா?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அப்பாவை எதிர்த்துப் பேசுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

வரதன் பயந்து போகவில்லை மாமா. உங்களிடம் துப்பாக்கி இருக்கிறது என்று தெரிந்துகொண்டு போனான். தனியாக வர இருந்தவன் அதனால்தான் ஆள் சேர்த்துக்கொண்டு வந்தான்.

ஊரப்பாக்கத்தில் சுற்றுச்சுவர் கட்டத் தொடங்கியிருந்தோம். வெயில் ஏறிய நேரம். மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, உங்கள் இருவருக்கும் சாப்பாட்டுக் கேரியரோடு ரயிலேறி வந்து, மனைக்குள் அப்போதுதான் நுழைந்திருந்தேன். அஸ்திவாரத்துக்குக் கல் அடுக்கிக்கொண்டிருந்த கொத்தனார்கள் கை கழுவப் போனார்கள். புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஒரு வேன் வந்து நின்றது. வரதனும் ஐந்தாறு பேரும் இறங்கினார்கள். எல்லார் கையிலும் அரிவாள். ஒருவன் கடைகால் அளவுக்குக் கட்டியிருந்த நூலை ஒரே வீச்சில் அறுத்தான்.

நீங்கள் இடுப்பிலிருந்து ரிவால்வரை எடுத்து நீட்டினீர்கள். "நில்லுங்கடா! ஒரு அடி வச்சா சுட்டுடுவேன்!"

அவர்கள் நின்றார்கள். இன்றைக்கும் சத்தியம் செய்வேன், நின்றார்கள். வரதன் முகம் வெளுத்தது. பின்னால் இருந்தவன் அரிவாளைத் தாழ்த்தினான். நீங்கள் இத்தனை வருடம் சொன்னது அத்தனையும் அந்தக் கணம் உண்மையாக இருந்தது. பிறகு வரதன் ஒரு கால் எடுத்து வைத்தான். நீங்கள் விசையை இழுத்தீர்கள்.

டிக்.

டார்ச் லைட் பொத்தானை அழுத்தியதுபோல ஒரு சத்தம். மறுபடியும் இழுத்தீர்கள். மறுபடியும் அதே சத்தம். கூட்டத்தில் ஒருவன் சிரித்தான். "டேய், பெருசோட துப்பாக்கிக்கு சளி புடிச்சிகீதுடா!"

சிரித்துக்கொண்டேதான் வந்தார்கள். உங்கள் மகன் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு உங்களுக்கு முன்னால் வந்து நின்றார். முதல் வெட்டை மண்வெட்டிக் காம்பு வாங்கி இரண்டாகப் பிளந்தது. அடுத்த வெட்டு அவர் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இறங்கியது. அவர் கத்தக்கூட இல்லை. ஆச்சரியப்பட்டவர்போல என்னைப் பார்த்துக்கொண்டே முட்டி போட்டார். நீங்கள் வரதனின் நெஞ்சுக்கு நேராக ரிவால்வரை வைத்து இழுத்துக்கொண்டே இருந்தீர்கள். டிக், டிக், டிக். அவன் உங்கள் தலைக்கு ஓங்கிய அரிவாளை இடது கையால் பிடித்தீர்கள். இரண்டு விரல்கள் மண்ணில் விழுந்தன. அதற்குப் பிறகுதான் அந்த ரிவால்வரைத் திருப்பிப் பிடித்து அவன் முகத்தில் இறக்கினீர்கள். கண்ணுக்கு மேலே எலும்பு உடைகிற சத்தம் கேட்டது. இன்னொரு முறை இறக்கினீர்கள். அவன் கண்ணிருந்த இடம் முழுக்க ரத்தமாயிற்று. கொத்தனார்கள் ஓடிவந்து கையில் கிடைத்த கல்லை எல்லாம் வீசினார்கள். அந்தக் கும்பல் வரதனை இழுத்து வேனில் போட்டுக்கொண்டு போனது.

ரோட்டில் போன ஜல்லி லாரியை மறித்து ஏறினோம். அவர் தலை என் மடியில். முந்தானையைச் சுருட்டி அவர் கழுத்தில் அழுத்தினேன். அது நனைந்து, என் புடவை நனைந்து, லாரியின் பலகை நனைந்தது. "ஒண்ணும் ஆகாது, என்னைப் பாருங்க, என்னையே பாருங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். பெருங்களத்தூர் வரும்போது பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் என்னை இல்லை. எதிரே நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள், வெட்டுப்பட்ட கையில் துண்டு சுற்றி. நல்ல கையில் அந்த ரிவால்வர் அப்போதும் இருந்தது.

போலீஸ் அதை எடுத்துக்கொண்டு போய்ப் பரிசோதித்தது. சில வாரம் கழித்து ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு அனுப்பினார்கள். நானும் கூட வந்தேன். இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர், உங்களை உட்காரச் சொல்லிவிட்டுத்தான் பேசினார்.

"உங்க ரிவால்வர்ல ஒரு குறையும் இல்ல சார். புதுத் தோட்டா போட்டுச் சுட்டுப் பாத்தாங்க, ஒண்ணுகூட தவறல. பழைய தோட்டாதான் செத்துப்போச்சு. எண்ணெய் உள்ள எறங்கி மருந்து ஊறிடுச்சு. நீங்க தோட்டாவுக்கும் எண்ணெய் போடுவீங்களா?"

நீங்கள் எழுந்துகொண்டீர்கள். வெளியே வந்து ஸ்டேஷன் படியில் உட்கார்ந்தீர்கள். "வாராவாரம்மா..." என்றீர்கள். "வாராவாரம் நானே என் கையால..." நெற்றியைப் படிக்கட்டுக் கைப்பிடிச் சுவரில் மோதத் தொடங்கினீர்கள். ஒரு கான்ஸ்டபிளும் நானும் சேர்ந்து பிடித்து இழுத்தோம்.

தெருவில் உங்களைப் 'பொம்மைத் துப்பாக்கி' என்று பேசிக்கொண்டார்கள். உங்கள் காதில் விழட்டும் என்றே பேசினார்கள். நாம் இருவரும் ஒரே வீட்டில், சாப்பாட்டுத் தட்டுக்கும் தண்ணீருக்கும் மட்டும் வாய் திறந்து வாழ்ந்தோம். என் அண்ணன் வந்து கூப்பிட்டபோது போயிருக்கலாம். மகள் உங்கள் முதுகை விட்டு இறங்கவில்லை, அதனால் இருந்துவிட்டேன். மூன்று விரல் மிச்சமிருந்த கையோடு அவளுக்குத் தலை பின்னக் கற்றுக்கொண்டீர்கள். பின்னல் கோணலாகத்தான் வரும். அவள் வேறு யாரையும் பின்ன விடமாட்டாள்.

வழக்கு இழுத்தது. கொத்தனார்கள் பயந்து, கோர்ட்டில் யாரையும் அடையாளம் காட்டவில்லை. நான் காட்டினேன். நீங்கள் காட்டினீர்கள். போதவில்லை. வரதன் வெளியே வந்துவிட்டான். போகும்போது எனக்கு ஒரு கும்பிடு போட்டான். அவனது ஒரு கண் வெள்ளையாக இருந்தது.

வழக்கு முடிந்ததால் ரிவால்வர் உங்களிடம் திரும்பி வந்தது. அதை வாங்க வேண்டாம் என்று சொன்னேன். "கெடக்கட்டும்மா, ஒரு மூலையில" என்றீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் அதை வெளியே எடுக்கவில்லை. எண்ணெய் டப்பாவைக் குப்பையில் போட்டுவிட்டீர்கள். உங்களுக்கு அது வெறுத்துவிட்டது என்று நினைத்து நிம்மதியாக இருந்தேன்.

ஒரு காலையில் மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வந்தபோது பீரோ திறந்து கிடந்தது. துணி மடிப்புக்கு நடுவில் மவுண்ட் ரோடு கடையின் தோட்டா அட்டைப்பெட்டி, புத்தம் புதிது, திறந்திருந்தது. எங்கே போயிருப்பீர்கள் என்று யோசிக்கத் தேவையிருக்கவில்லை. வரதன் குரோம்பேட்டையில் ரோட்டின்மேலேயே ரியல் எஸ்டேட் ஆபீஸ் போட்டிருந்தான். செருப்பைக்கூடப் போடாமல் ஓடிப் பஸ் ஏறினேன்.

நான் இறங்கியபோது நீங்கள் ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தீர்கள். சலவைச் சட்டை. வலது கை மஞ்சள் பைக்குள். எதிர்ப்பக்கம் வரதன் ஆபீஸ் வாசலில் நாற்காலி போட்டுப் பல் குத்திக்கொண்டிருந்தான். "மாமா!" என்று கத்தினேன். திரும்பிப் பார்த்தீர்கள். உங்கள் முகம் சாந்தமாக இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பையை உதறிவிட்டு ரிவால்வரை நீட்டினீர்கள்.

இந்த முறை அது வெடித்தது.

காக்கைகள் மொத்தமாகக் கிளம்பின. உங்கள் கை மேலே தூக்கி எறியப்பட்டது. வரதன் நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு ஆபீசுக்குள் பாய்ந்து ஷட்டரை இழுத்தான். அவன்மேல் ஒரு கீறல்கூட விழவில்லை. அவனுக்குப் பக்கத்தில், கடைகளுக்கு டீ கொண்டுபோய்க்கொண்டிருந்த ஆள் கிளாஸ் கூடையோடு ரோட்டோரம் சாய்ந்தான். துலுக்காணம் என்ற பெயரெல்லாம் பிறகுதான் தெரியும். தொடையைப் பிடித்துக்கொண்டு அவன் அலறிய அலறல் ஷட்டர் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

ஷட்டர் பாதியில் மாட்டிக்கொண்டது. அடியில் வரதனின் கால்கள் தெரிந்தன. உங்கள் ரிவால்வரில் இன்னும் தோட்டாக்கள் இருந்தன. நீங்கள் அந்தக் கால்களைப் பார்த்தீர்கள். துலுக்காணத்தைப் பார்த்தீர்கள். ரிவால்வரைக் கீழே போட்டுவிட்டு ரோட்டைக் கடந்து ஓடினீர்கள். ஒரு பஸ் உங்களுக்காகப் பிரேக் போட்டுக் கிறீச்சிட்டது.

தொடையிலிருந்து ரத்தம் விட்டுவிட்டுப் பீய்ச்சியடித்தது. நீங்கள் மண்டியிட்டு உங்கள் இடது கையை, அந்த மூன்று விரல் கையை, காயத்துக்குள் வைத்து அழுத்தினீர்கள். அதற்குள் கூட்டம் உங்கள்மேல் விழுந்தது. செருப்பால் அடித்தார்கள். டீக்கடைப் பெஞ்சிலிருந்து உருவிய பலகையால் முதுகில் அடித்தார்கள். ஒருவன் உங்கள் காதோடு சேர்த்து மிதித்தான். நீங்கள் கையை எடுக்கவில்லை.

"அடிங்கப்பா. எவ்வளவு வேணா அடிச்சுக்குங்க. கையை மட்டும் இழுக்காதீங்க. எடுத்தா ரத்தம் போயிடும், செத்துடுவான்" என்றீர்கள். வாயிலிருந்து பல்லோடு ரத்தம் வந்தது. பிறகு குனிந்து அவனிடம் மட்டும் சொன்னீர்கள். "ஒண்ணும் ஆகாது தம்பி. என்னைப் பாரு. என்னையே பாரு."

லாரியில் நான் சொன்ன வார்த்தைகள் மாமா. நீங்கள் கேட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறீர்கள்.

நான் கூட்டத்துக்குள் புகுந்து உங்கள்மேல் கவிழ்ந்துகொண்டேன். சில அடி என்மேலும் விழுந்தது. புடவையைக் கிழித்து அவன் தொடையைச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். ஆட்டோ வந்தது. அதிலும் நீங்கள் கையை எடுக்காமலேயே ஏறினீர்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் வந்து உங்கள் விரல்களைப் பிரித்து விலக்க வேண்டியிருந்தது. போலீஸ் உங்களுக்கு அங்கேயே விலங்கு மாட்டியது. துலுக்காணம் பிழைத்துக்கொண்டான்.

கோர்ட்டில் உங்களுக்காக வந்த வக்கீல், கை தவறி வெடித்தது என்று சொல்லச் சொன்னார். "நான்தான் சுட்டேன். வேற ஒருத்தனச் சுட்டேன். ஆனா நான்தான் சுட்டேன்" என்று சொல்லிவிட்டு ஜெயிலுக்குப் போனீர்கள். மாதம் தவறாமல் நானும் மகளும் வந்து பார்த்தோம். ஒருமுறை கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னீர்கள்: "ஊரப்பாக்கத்துல அது வெடிக்கல. குரோம்பேட்டைல வெடிச்சது. அதுக்கு என்னம்மா தெரியும், இரும்பு. நான்தான் அத சாமியாக்கி வச்சிருந்தேன்."

வரதனை அவன் ஆட்களே வெட்டிப்போட்ட செய்தியை உங்களிடம் சொல்ல ஓடி வந்தேன். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது, மறைக்கவில்லை. நீங்கள் கேட்டுக்கொண்டீர்கள். "துலுக்காணத்துக்குக் கால் எப்படிம்மா இருக்கு? நடக்கறானா?" என்று கேட்டீர்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் திரும்பி வந்தீர்கள். நெடுநாள் இருக்கவில்லை. ஒரு பிற்பகலில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டீர்கள். சாவுக்கு அதிகம் பேர் வரவில்லை. வந்தவர்களும் வாசலோடு நின்றார்கள். அப்போது ஒரு காலை இழுத்து இழுத்து நடந்துகொண்டு துலுக்காணம் தெருமுனையில் வந்தான். கத்துவான், பிணத்தின்மேல் துப்புவான் என்று எதிர்பார்த்தேன். அதற்கு அவனுக்கு உரிமையும் இருந்தது.

"யம்மா, அவரு கையப் பாக்கலாமா?" என்றான்.

மாலையை ஒதுக்கினேன். துணியை விலக்கி உங்கள் இடது கையை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டான். என் அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. "யோவ், உன்னைச் சுட்ட மனுஷன்யா" என்றார்.

துலுக்காணம் தலை நிமிரவில்லை. "சுட்டது அந்தக் கைண்ணா" என்றான். "இது வேற கை."

பாடையைத் தூக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தான்.

எனக்கு உங்கள்மேல் இருந்த கோபம் போய்விட்டதா என்று கேட்காதீர்கள். போகவில்லை. மனையை விற்றுவிடலாம் என்று அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே கெஞ்சிய குரல் இன்னும் எனக்குக் கேட்கிறது. அன்று ஒரு முறை அவர் பேச்சைக் கேட்டிருந்தால் என்று நினைக்காத நாள் கிடையாது. உங்கள் காரியங்கள் முடிந்த பிறகு மகள் உங்கள் படத்தைக் கொண்டுவந்து, "அப்பா படத்துக்குப் பக்கத்துல மாட்டட்டாம்மா?" என்று கேட்டாள். சமையல்கட்டுக்குப் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்துதான், "மாட்டு" என்றேன். அந்தக் கோபத்தோடுதான் தினமும் காலையில் பூவை இரண்டாகக் கிள்ளி இரண்டு பேருக்கும் வைக்கிறேன்.